ஹமீதாவின் மணிக்கட்டும் என் ஆறு வாரமும்

1. முதல் நாள், முதல் பதில்

பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் பிளாஸ்டர் ரூமில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். பதவியின் பெயர் மெடிக்கல் அசிஸ்டன்ட். இப்போது அந்தப் பெயரை இன்னும் நீளமாக்கியிருக்கிறார்கள். வேலை அதேதான். எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போட வேண்டும், போட்டதை அறுத்து எடுக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் அவர்கள் செய்கிற கோளாறுக்குத் திட்ட வேண்டும். மூன்றாவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர்.

எங்கள் ஊரில் அந்தக் கட்டை யாரும் பிளாஸ்டர் என்று சொல்வதில்லை. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் அது சிமெண்டுதான். "சிமெண்டு எப்ப உடைப்பீங்க?" என்று கேட்பார்கள். பக்கத்தில் நின்று காதில் வாங்குகிறவன் என்னைக் கொத்தனார் என்றுதான் நினைப்பான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் மணி நேரம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட ஒருவருக்குக் கட்டுப் போட்டு முடித்தேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "தம்பி, எவ்ளோ நாளு?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் டாக்டர் இல்லை. படித்ததில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "ஆறு வாரம்" என்றேன். மனிதருக்கு முகம் தெளிந்துவிட்டது. கைகுலுக்க வந்து, கையில் சிமெண்டு இருப்பது ஞாபகம் வந்து, இடது கையை நீட்டினார்.

அன்று ஒன்றைப் புரிந்துகொண்டதாக நினைத்தேன். ஜனங்களுக்கு வேண்டியது ஓர் எண். அதைக் கொடுத்துவிட்டால் அமைதியாக வீட்டுக்குப் போவார்கள், அடுத்த ஆளைப் பார்க்கலாம். அதன்பிறகு எனக்குத் தெரியவேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது. விரல் என்றால் மூன்று நான்கு வாரம். மணிக்கட்டு ஆறு வாரம். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு மூன்று நான்கு மாதம், சில சமயம் அதற்கும் மேல். சின்னப் பிள்ளைகளுக்கு இதில் பாதி. சிகரெட் பிடிக்கிறவனுக்கும் சர்க்கரை நோய்க்காரனுக்கும் கூடுதல். எல்லாம் தெரிந்தும், கை என்று யார் வந்தாலும் வாய் தானாக "ஆறு வாரம்" என்று சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகவும் வந்தது. அதுதான் வினை.

2. மூக்குப்பொடிக் குழி

ஹமீதா எங்கள் பிளாஸ்டர் ரூமுக்கு வந்தது சில வருஷங்களுக்கு முன்பு. வயது நாற்பதுக்கு மேல். டத்தோ கிராமாட்டில் ஒரு சீனர் கோப்பிக் கடையின் முன்பக்கத்தில் ரொட்டி சானாய், அதாவது வீச்சுப் பரோட்டா, போடுகிறவர். பக்கத்தில் கணவர் நசீர் தே தாரிக் ஆற்றுவார், உயரத்திலிருந்து இழுத்து ஆற்றுகிற பால் டீ. அந்த வட்டாரத்தில் ரொட்டி வீசுகிற பெண் அவர் ஒருவர்தான். மாவு உருண்டையைத் தட்டி, காற்றில் நான்கு வீச்சு வீசினால், அந்தப் பக்கம் நிற்கிறவர் முகம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகிவிடும். நானும் அதே வட்டாரம் என்பதால் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே சாப்பிடுவேன். ஆனாலும் அவர் பெயர் எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்தபிறகுதான்.

கடையில் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு ஒன்றும் தெரியவில்லை. துணிக்கட்டுப் போட்டு, ஒரு வாரம் கழித்து எங்கள் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரத்தில் ஹமீதா மலாய்க்கார அம்மா ஒருவரிடம் போய் இரண்டு தடவை கையை உருவிவிட்டுக்கொண்டும் வந்துவிட்டார்.

"இப்ப பரவால்லண்ணே. சுளுக்குத்தான். படத்துல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. மறுபடி வீசலாம்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்" என்றார்.

கட்டைவிரலை விறைப்பாக மேலே தூக்கிப் பாருங்கள். மணிக்கட்டுப் பக்கத்தில் இரண்டு தசைநார்களுக்கு நடுவே சின்னதாக ஒரு பள்ளம் விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சுவார்களாம். அதனால் எங்கள் தொழிலில் அதற்கு மூக்குப்பொடிக் குழி என்று பெயர். அந்தப் பள்ளத்துக்கு அடியில் முந்திரிக்கொட்டை அளவில் ஓர் எலும்பு இருக்கிறது. ஸ்கேஃபாய்ட் என்பார்கள். கையை ஊன்றி விழுந்தவருக்கு அங்கே அமுக்கினால் வலிக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பழக்கம்.

அமுக்கினேன். ஹமீதா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"யா அல்லாஹ்! என்னண்ணே இது, கையிலயே ஆணி அடிக்கிறீங்க!"

புதுப் படம் எடுத்தோம். அதிலும் ஒன்றும் இல்லை. இந்த எலும்பின் குணமே அதுதான். முறிந்தாலும் முதலில் படத்தில் முகம் காட்டாது. எங்கள் பெரிய டாக்டர், சீனப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். வந்து ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சிமெண்டு போடு சுப்ரா. ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்பப் படம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு என்று தனி வகைக் கட்டு உண்டு. முழங்கைக்குக் கீழே தொடங்கி, கட்டைவிரலையும் சேர்த்து மூடும். கை, கிளாஸைப் பிடித்த மாதிரி நிற்கவேண்டும். "உங்க வீட்டுக்காரரு ஆத்துற தே தாரிக் கிளாஸப் புடிங்க" என்றேன். அந்த மாதிரி பிடித்தார். ஈரப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டார், "எவ்ளோ நாளுண்ணே?"

"ஆறு வாரம்."

படத்தில் முறிவே தெரியாத எலும்புக்கு, நாள் குறித்துக் கொடுத்தேன். வாய் கூசவில்லை.

3. அட்டையில் எழுதியது

இரண்டு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்துப் படம் எடுத்தபோது, முந்திரிக்கொட்டையின் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. நான் சந்தேகப்பட்டது சரி. பெரிய டாக்டரே "குட் கேட்ச்" என்றார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதே நேரம் டாக்டர் ஹமீதாவிடம், இது மெதுவாக ஒட்டும் எலும்பு, எட்டு வாரமும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம் என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து விளக்கினார். காரணமும் சொன்னார். மற்ற எலும்புகளுக்கு ரத்தம் நேர்வழியில் வரும். இதற்கு விரல் பக்கத்திலிருந்து நுழைந்து, மணிக்கட்டை நோக்கித் திரும்பிப் போகவேண்டும். நடுவில் முறிந்தால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் நின்றுபோன மாதிரி ஆகிவிடும்.

ஹமீதா தலையாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் பெருமையில் மிதந்தபடி புதுப் பட்டையை நனைத்துக்கொண்டிருந்தேன். "ஆறு வாரம்னு நான் சொன்னதை மறந்துடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைவிட, தமிழில் சொன்ன நம்ம ஆள் பேச்சுதான் அவருக்குப் பெரிது என்பது எனக்கு உறைக்கவில்லை.

கடையில் நசீர் ஓர் அட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதித் தொங்கவிட்டிருந்தார். ரொட்டி ஆறு வாரம் கழித்து என்று மலாயில். அது எனக்குத் தெரியாது. எனக்கு வேலை நேரம் மாறிப்போய், அந்த நாட்களில் அந்தப் பக்கமே போகவில்லை.

4. உள்ளே இருந்தது

ஆறாவது வாரம் முடிகிற திங்கட்கிழமை பொது விடுமுறை. எங்கள் கிளினிக் புதன்கிழமைக்குத் தள்ளிப்போனது. புதன் காலை ஹமீதாவும் நசீரும் வந்தார்கள். ரூமுக்குள் நுழைந்ததுமே ஒரு வாசனை. இத்தனை வருஷத்தில் பழைய கட்டுகளிலிருந்து என்னென்னவோ நாற்றம் பார்த்திருக்கிறேன். இது புளித்த மாவும் மார்ஜரினும் கலந்த வாசனை.

ரம்பத்தை ஓட்டினேன். அது சத்தம் மட்டும்தான் பெரிதாகப் போடும், சதையை அறுக்காது. உள்ளங்கைப் பக்கம் வந்தபோது ரம்பமே தேவைப்படவில்லை. கட்டு ஊறின பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. கட்டைவிரலைப் பிடித்திருந்த பகுதி முறிந்து, விரல் தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பஞ்சு முழுக்க ரொட்டி மாவு.

"என்னம்மா இது?"

ஹமீதா நசீரைப் பார்த்தார். நசீர் கூரையைப் பார்த்தார்.

"திங்கக்கெழம லீவுண்ணே. கடைல கூட்டம் தாங்கல. ஆறு வாரந்தான் முடிஞ்சிருச்சே, சிமெண்டு உடைக்கிறது மட்டுந்தானே பாக்கின்னு, பிளாஸ்டிக் பையச் சுத்திக்கிட்டு மாவு பெசஞ்சேன். ரெண்டு நாளுதான். வீசக்கூட இல்லண்ணே, சத்தியமா. சும்மா லேசா தட்டுனேன்."

"லேசா தட்டல. நூத்தம்பது ரொட்டி" என்றார் நசீர்.

"நீங்க வாய மூடுங்க!"

மூக்குப்பொடிக் குழியில் விரலை வைத்தேன். அமுக்கக்கூட இல்லை. கையை இழுத்துக்கொண்டார்.

புதுப் படத்தில் அந்தக் கோடு மயிரிழையாக இல்லை. பென்சிலால் இழுத்த மாதிரி இருந்தது. பெரிய டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, யார் இவரிடம் ஆறு வாரம் என்று சொன்னது என்று கேட்டார். ஹமீதா என்னைக் காட்டிக்கொடுக்க விரும்பாமல் தரையைப் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் குத்தியது.

"நான்தான் டாக்டர்."

டாக்டர் திட்டவில்லை. ஹமீதாவிடம் நேராகச் சொன்னார். இன்னும் ஆறு வாரம் புதுக் கட்டு. அதன்பிறகு ஸ்கேன். இடைவெளி அப்படியே இருந்தால் ஆபரேஷன், இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து ஸ்குரூ முடுக்கவேண்டும். அப்படிச் செய்தால் மணிக்கட்டு பழைய மாதிரி மடங்கும் என்று உறுதி தரமுடியாது.

டாக்டர் போனபிறகு ஹமீதா சின்னக் குரலில் கேட்டார், "மடங்காத கைய வச்சு எப்படிண்ணே ரொட்டி வீசுறது? எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே. வாப்பா கத்துக்குடுத்தது இது ஒண்ணுதான்."

நான் பட்டையை நனைத்தேன். ஒழுங்காக, மடிப்பில்லாமல், கட்டைவிரலுக்கு இரண்டு சுற்றுக் கூடுதலாகப் போட்டேன். அந்த மாதிரி ஒரு கட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் போட்டதில்லை.

"இப்ப எவ்ளோ நாளுண்ணே?"

"தெரியாதும்மா" என்றேன். அந்த ரூமில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "டாக்டர் சொன்ன ஆறு வாரம் பொறுத்திருந்து பாக்குறதுக்கு. அதுல ஒட்டுமான்னு எலும்புக்குத்தான் தெரியும். ஒட்டுற வரைக்கும் நான் கூட இருக்கேன்."

கட்டு காய்ந்ததும் மார்க்கர் எடுத்து அதன்மேல் பெரிதாக எழுதினேன்: ஜங்ஙான் உலி. மலாயில், பிசையாதே என்று அர்த்தம். தமிழில் எழுதியிருந்தால் நம்மவர்கள் மட்டும்தான் காவல் காப்பார்கள். மலாயில் எழுதினால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் காப்பார்கள்.

5. தவுக்கே கொடுத்த தண்டனை

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் அந்தக் கோப்பிக் கடைக்குப் போனேன். அட்டையை அன்றுதான் பார்த்தேன். என் பொய்யை வெயில் படாமல் பத்திரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கழற்றி மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

கடை முதலாளியை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். எழுபது வயது, பனியனும் அரைக்கால் சட்டையும். அவர் பேசியது சந்தை மலாய். நான் தமிழாக்கித் தருகிறேன், கோபத்தைக் குறைக்காமல்.

"ஆறு வாரம்னு சொன்னான் நசீரு. நான் காத்திருந்தேன். வெறும் தே மட்டும் வித்தா யாரு வருவா? ஜுருவுல இருந்து ஒருத்தன் இந்த எடத்தக் கேக்குறான். நல்லா ரொட்டி வீசுறான். இப்ப இன்னும் எத்தன நாளு?"

"தெரியாது தவுக்கே."

"ஆஸ்பத்திரில வேல பாக்குற, தெரியாதா?"

"ஆறு வாரம்னு சொன்னது நான்தான். தப்பு என்னோடது, அவங்களோடது இல்ல. எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடாதீங்க."

தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார். எச்சில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டே யோசித்தார். பிறகு சொன்னார், "அடுப்பு ஆறக்கூடாது. ரொட்டிக் கல்லு தெனமும் சூடா இருக்கணும். நசீரு போடட்டும்."

நசீர் கையிலிருந்த தே தாரிக் குவளை நின்றது. "நானா? எனக்கு ஆத்தத்தான் தெரியும் தவுக்கே."

"கத்துக்கோலா. பொண்டாட்டி பக்கத்துல நின்னு சொல்லுவா. கை சிமெண்டுல இருக்கு, வாய் சும்மாதானே இருக்கு?"

"நான் போட்டா யாரு சாப்புடுவா?"

தவுக்கே என்னைக் காட்டினார். "இவன் சாப்புடுவான். தெனமும் காலைல வந்து, மொத ரொட்டி இவன் சாப்புடணும். அவ கையி சரியாகுற வரைக்கும்."

நான் ஒத்துக்கொண்டேன். நசீரின் முதல் ரொட்டியைப் பார்த்தபிறகுதான், ஒத்துக்கொண்டது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தது. அதற்கு வடிவம் கிடையாது. ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் பச்சையாக, நடுவில் ஓர் ஓட்டை. சாம்பாரில் போட்டேன், ஊறவில்லை. கடைவாயில் போட்டு அரைத்து முழுங்கினேன். தவுக்கே கல்லாவில் உட்கார்ந்து அதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தினமும் இதே கதை. நான் உட்கார்ந்ததும் ஹமீதா கையை நீட்டுவார். விரல் வீங்கியிருக்கிறதா, கட்டு இளகியிருக்கிறதா என்று பார்ப்பேன், மாவு வாசனை இருக்கிறதா என்று மோந்தும் பார்ப்பேன். பிறகு ரொட்டி வரும். பின்னால் ஹமீதாவின் குரல் ஓடிக்கொண்டிருக்கும்.

"மணிக்கட்டச் சுத்துங்க, தோள இல்ல! மீனு வலையா வீசுறீங்க? ஐயோ, கீழ விட்டுட்டாரு. அண்ணே, அது உங்களுக்கு வேணாம், அடுத்தது தரேன்."

பார்த்துப் பார்த்து அவருடைய இடது கை தானாக மாவை நோக்கிப் போகும். உடனே ஏதாவது ஒரு மேசையிலிருந்து யாராவது கத்துவார்கள், "அக்கா! ஜங்ஙான் உலி!" தபால் கொண்டுவருகிற மலாய்க்காரர், ஸ்கூல் வேன் ஓட்டுகிற சீனப் பெண்மணி, யாரும் விடவில்லை. ஒரு தடவை தவுக்கேயே எழுந்து வந்து மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். கல் மட்டும் ஒரு நாளும் ஆறவில்லை. நசீரின் ரொட்டி மெல்ல மெல்ல வட்டத்துக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாவது வாரம் ஒரு படம் எடுத்தோம். தெளிவாக ஒன்றும் சொல்லமுடியவில்லை. கோடு இருக்கிற மாதிரியும் இருந்தது, மங்கின மாதிரியும் இருந்தது. டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு தேதி பார்த்து வைக்கச் சொன்னார். மறுநாள் வழக்கம்போலப் போய் ரொட்டி சாப்பிட்டேன். இரண்டு சாப்பிட்டேன்.

6. வெள்ளைப் பாலம்

பன்னிரண்டாவது வாரம். கட்டை அறுத்தேன். இந்தத் தடவை ரம்பம் கல்லை அறுக்கிற மாதிரி திணறியது. எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருந்தது. உள்ளே கை வெளுத்து, மெலிந்து, சுத்தமாக இருந்தது. மாவு வாசனை கிடையாது. மூக்குப்பொடிக் குழியில் கட்டைவிரலை வைத்தேன். ஹமீதா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அமுக்கினேன். இன்னும் அமுக்கினேன்.

"அமுக்குங்கண்ணே" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"அமுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

கண்ணைத் திறந்து என் விரலைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

ஆனால் வலி இல்லை என்பது மட்டும் போதாது. ஸ்கேனுக்கு அனுப்பினோம். பிற்பகல் பெரிய டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கணினித் திரையில் முந்திரிக்கொட்டை எலும்பு பெரிதாகத் தெரிந்தது. பென்சில் கோடு இருந்த இடத்தில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வெள்ளையாகப் பாலம் போட்டிருந்தது. ஒன்றல்ல, பல பாலங்கள்.

"யூனியன், சுப்ரா" என்றார் டாக்டர். எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. எலும்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். தியேட்டர் தேதியை அவரே அடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஓடாதீர்கள் என்று எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன். அன்று நான் ஓடினேன். வயிறு குலுங்க, செருப்புச் சத்தத்தோடு ஓடினேன். காத்திருக்கும் இடத்தில் ஹமீதாவும் நசீரும் எழுந்து நின்றார்கள். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு கைவிரல்களையும் கோத்து இறுக்கிக் காட்டினேன். நசீர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கட்டுக்குள் கிடந்த மணிக்கட்டு துருப்பிடித்த கீல் மாதிரி இருக்கும். அடுத்து பிசியோ. அங்கே ஒரு பெண் கலர் ரப்பர் களிமண் மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொன்னார். ஹமீதா அதை மோந்து பார்த்தார்.

"இத எதுக்குலா பெசையணும்? எங்கிட்ட பத்துக் கிலோ மாவு இருக்கு. அதப் பெசையலாமா?"

பிசியோக்காரப் பெண் என்னைப் பார்த்தார். நான் டாக்டரிடம் கேட்டுவந்தேன், சரி என்றார். அறுத்தெடுத்த பழைய கட்டை ஹமீதா கேட்டு வாங்கிப் போயிருந்தார். அன்று மாலை கடைக்குப் போய், அதில் மார்க்கரால் எழுதியிருந்த 'ஜங்ஙான்' என்ற சொல்லை மட்டும் நானே கோடு போட்டு அடித்தேன். மீதி இருந்தது 'உலி', பிசை. அதை நசீர் பழைய அட்டை தொங்கிய அதே ஆணியில் மாட்டினார்.

7. முதல் ரொட்டி

ஐந்து வாரம் பிசைந்தார். முதல் வாரம் சின்ன உருண்டை, பிறகு பெரியது. மடங்காத கை மடங்க ஆரம்பித்தது. எப்போது வீசலாம் என்று தினமும் கேட்பார். நானும் தினமும் தெரியாது என்பேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் போய் உட்கார்ந்ததும் நசீர் கல்லுக்கு முன்னாலிருந்து விலகி நின்றார். ஹமீதா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். அதற்கு முன்தினம் டாக்டர் கையை முறுக்கிப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன்.

உருண்டையைத் தட்டினார். ஓரத்தைப் பிடித்தார். கடையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. தவுக்கே கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

முதல் வீச்சு. எல்லாரும் மாவைப் பார்த்தார்கள். நான் மணிக்கட்டைப் பார்த்தேன். திரும்பியது, மடங்கியது, திரும்ப நிமிர்ந்தது. இரண்டாவது வீச்சு, மூன்றாவது. நான்காவதில் மாவு விரிந்து நின்றபோது, அதன் வழியாக அந்தப் பக்கம் நின்ற நசீரின் பல் தெரிந்தது. மனிதர் வாயைத் திறந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். ஸ்கூல் வேன் பெண்மணி மேசையைத் தட்டினார். ரொட்டி கல்லில் விழுந்து, பொன்னிறமாகி, இரண்டு கையாலும் அடி வாங்கி நொறுங்கி, என் தட்டில் வந்து விழுந்தது.

"உங்களுக்குத்தான் மொதல்ல. சாப்புட்டுப் பாத்துச் சொல்லுங்கண்ணே."

பதினோரு வாரம் நசீரின் கைவண்ணத்தைச் சாப்பிட்ட நாக்கு. ஒரு வாய் வைத்ததும் அழுதுவிட்டேன். மறைக்கவில்லை. இவ்வளவு வருஷ வேலையில் எத்தனையோ கை கால்கள் ஒட்டிப் போயிருக்கின்றன. ஒட்டியபிறகு அவை என்ன செய்கின்றன என்று ஒரு தடவைகூட நான் போய்ப் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன்.

இப்போது பிளாஸ்டர் ரூமில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நாள் கேட்பார்கள். எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் சொல்கிற எண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய், அட்டையில் எழுதி மாட்டி, அதை நம்பிக் காரியம் செய்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். தெரியும் வரைக்கும் கூட இருங்கள். ரொட்டி எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி.

அன்று காலை நான் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு எழுந்தபோது தவுக்கே பக்கத்தில் வந்து நின்றார். ஹமீதா ஆறாவதோ ஏழாவதோ ரொட்டி வீசிக்கொண்டிருந்தார். தவுக்கே அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சுப்ரா, இது இப்ப எவ்ளோ நாள் தாங்கும்?"

அதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"முழுசா சேந்துட்ட எலும்பு தவுக்கே. அவங்க ஆயுசுக்கும் தாங்கும்."